நான் வேலையில் இருப்பதாகச் சான்றிதழ் வேண்டி

அனுப்புநர்:
ஐ.டி.ஐ. ஃபிட்டர் ஒருவன்,
முத்தாண்டிக்குப்பம், பண்ருட்டி வட்டம், கடலூர் மாவட்டம்.

பெறுநர்:
தேசியப் புள்ளியியல் அலுவலகம், புது தில்லி.

ஐயா / அம்மா,

தங்கள் 2023-24 தொழிலாளர் கணக்கெடுப்பு அறிக்கையைப் படித்து மகிழ்ந்தேன். நாட்டில் வேலையின்மை 3.2 சதவீதம், தமிழ்நாட்டில் 3.5. அதாவது வேலைக்கென்று கிளம்பிய நூறு பேரில் மூன்றரைப் பேர்தான் வெறுங்கையோடு நிற்கிறோம். காலை பத்து மணிக்கு எங்கள் ஊர் டீக்கடை பெஞ்சைப் பார்த்தால், மாவட்டத்தின் மொத்த மூன்றரையும் இங்கேயே வந்து உட்கார்ந்துவிட்டதோ என்று தோன்றும்.

சந்தேகம் தீர உங்கள் விளக்கக் குறிப்புகளையும் புரட்டினேன். வருஷம் பூராவும் வேலை தேடி அலைந்தவனாக இருந்தாலும், நடுவில் முப்பது நாள் ஏதாவது செய்திருந்தால் அவன் வேலையில் உள்ளவன். வாராந்திரக் கணக்கு இன்னும் தாராளம்: ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள், ஒரு மணி நேரம் போதும். குடும்பத் தொழிலில் கூலியில்லாமல் கைகொடுப்பவனும் சுயதொழில் செய்பவனே. நான் பங்குனி, சித்திரையில் எங்கள் தோப்பில் முந்திரிக்கொட்டை பொறுக்குகிறேன். வைகாசி, ஆனியில் பலாப்பழம் வண்டியில் ஏற்றுகிறேன். அப்பா சம்பளம் தருவதில்லை, சோறு போடுகிறார், கூடவே திட்டும். இத்தனை நாளும் நான் தண்டச்சோறு என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார், நானும் நம்பியிருந்தேன். நாட்டில் வேலை பார்ப்பவர்களில் 58.4 சதவீதம் பேர் சுயதொழில்காரர்களாம். பண்ருட்டியில் முந்திரி ஏற்றுமதி செய்யும் முதலாளியும் நானும் ஒரே கட்டத்தில் இருக்கிறோம் என்பதை அவரிடம் யாராவது சொல்ல வேண்டும்.

ஒரு மணி நேரக் கணக்கு நீங்களாகப் போட்டதல்ல, சர்வதேச தொழிலாளர் அமைப்பு வகுத்த அளவுகோல்தான் என்று படித்த தம்பி ஒருவன் உங்களுக்காக வாதாடினான். நியாயம்தான். ஆனால் வேலை போனால் அரசாங்கம் படி தரும் ஊரில் ஒருவன் வீட்டில் உட்கார்ந்து நல்ல வேலைக்குக் காத்திருக்கலாம். எங்கள் பக்கம் வேலையில்லாமல் இருப்பதற்குக் கையில் காசு வேண்டும். அது இல்லாததால் எல்லோரும் வேலையில் இருக்கிறோம்.

இதற்கு உங்கள் அட்டவணையிலேயே சாட்சி இருக்கிறது. கேரளத்தில் வேலையின்மை 7.2, கோவாவில் 8.5. மத்தியப் பிரதேசத்தில் 1.0, ஜார்க்கண்டில் 1.3. இந்தக் கணக்குப்படி ஆலப்புழைப் பையன்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு தன்பாத்துக்கு ரயில் ஏற வேண்டும். நடப்பதோ தலைகீழ். தன்பாத் – ஆலப்புழை எக்ஸ்பிரஸில் பொதுப்பெட்டிக் கூட்டம் எந்தத் திசையில் பிதுங்குகிறது என்று ரயில்வேக்காரர்களைக் கேளுங்கள். வேலை நிரம்பி வழியும் மாநிலத்தை விட்டுவிட்டு, வேலையில்லாத மாநிலத்துக்கு வேலை தேடி ஓடுகிறார்கள். யாரும் உங்கள் அறிக்கையைப் படிப்பதில்லை, அதுதான் பிரச்சினை.

தொழில்வாரிக் கணக்கும் அருமை. 2018-19-இல் நாட்டின் உழைப்பாளிகளில் 42.5 சதவீதம் பேர் விவசாயத்தில் இருந்தார்கள், 2023-24-இல் 46.1. ஆலை, பட்டறை எல்லாம் சேர்ந்த உற்பத்தித் துறையில் 11.4 தான். ஃபிட்டருக்குப் படித்தவன் முந்திரித் தோப்பில் நிற்பதற்கான விளக்கம் கிடைத்துவிட்டது. நான் தேசியப் போக்கில் இருக்கிறேன். எங்கள் பக்கம் ஒரு சிறு சிக்கல்: விவசாயத்துக்கு ஆள் கூடக் கூட நிலம் குறைகிறது. 1957-இல் நேரு வந்து நெய்வேலிச் சுரங்கத்தைத் தொடங்கிவைத்த நாள் முதல் நிலத்துக்கு அடியில் இருப்பதற்குத்தான் இங்கே மதிப்பு. 2023 ஜூலையில் வளையமாதேவியில் சுரங்கத்துக்காகக் கால்வாய் வெட்ட, கதிர் விடும் பயிருக்குள் பொக்லைன் இறங்கியதை டிவியில் பார்த்திருப்பீர்கள். கூடுதலாக விவசாயத்துக்கு வந்தவர்கள் எந்த வரப்பில் நிற்பது என்று அடுத்த அறிக்கையில் ஒரு வரி சேர்க்கலாம்.

அந்தச் சுரங்கத்தைச் சுற்றி மனிதர்களில் நாலு சாதி: பர்மனென்ட், கூட்டுறவு சொசைட்டி, காண்ட்ராக்ட், அப்ரண்டிஸ். கல்யாணப் பத்திரிகையில் எது போடலாம், எது கூடாது என்று ஊருக்கே தெரியும். உங்களுக்குத் தெரியவில்லை. உதவித்தொகை வாங்கும் அப்ரண்டிஸையும் மாதச் சம்பளக்காரர் வரிசையில் உட்கார வைத்திருக்கிறீர்கள். உங்கள் பெருந்தன்மை யாருக்கு வரும்!

சான்றிதழ் கேட்பதன் காரணத்துக்கு வருகிறேன். போன மாதம் கல்யாணத் தரகர் வந்தார்.

"தம்பிக்கு என்ன வேலை?"

"தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் கணக்குப்படி வேலையில் இருக்கிறேன்ணே."

"சென்ட்ரல் கவர்மென்ட்டா?" என்று முகம் மலர்ந்தது. விளக்கிச் சொன்னேன். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். "ஒரு மணி நேரம் வேலை பார்த்தவனுக்கு ஒரு மணி நேரத்துக்குப் பொண்ணு தருவாங்களா தம்பி" என்று வாசலில் நின்று கேட்டார். ஆக, இந்த நாட்டில் வேலைக்கு இரண்டு வரையறை இருக்கிறது. உங்களுடையதைத் தரகர்கள் ஏற்பதில்லை; வண்டிக் கடன் கொடுப்பவர்களும் ஏற்பதில்லை. கடலூர் வேலைவாய்ப்பு அலுவலகமும் ஏற்கவில்லை. அங்கே நான் இன்னும் பதிவைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் முத்திரையோடு ஒரு தாள் இருந்தால் மூவருக்கும் காட்டுவேன்.

தங்கை விஷயமும் உண்டு. எம்.எஸ்சி. முடித்துவிட்டு, தகுதிக்கேற்ற வேலைக்குத்தான் போவேன் என்று குரூப் தேர்வுகள் எழுதுகிறாள். வீட்டில் கணக்குப்படி வேலையில்லாதவள் அவள் ஒருத்திதான். 2022-23-இல் பட்டதாரிகளிடையே வேலையின்மை 13.4 சதவீதம் என்று எழுதியிருந்தீர்கள். அவளைப் படிக்க வைத்து மாநிலத்தின் பெயரைக் கெடுத்ததற்கு அப்பா சார்பில் வருத்தம் தெரிவிக்கிறேன்.

கடைசியாகப் பாட்டி. எழுபதைத் தாண்டியவள். திண்ணையில் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைக்கிறாள். தோட்டின் பால் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்து உரிந்திருக்கிறது. கூலி வீட்டுக் கணக்கில் கரைந்துவிடும். நாட்டில் உழைக்க வரும் பெண்களின் பங்கு 2017-18-இல் 23.3 சதவீதமாக இருந்தது 2023-24-இல் 41.7 ஆகிவிட்டது என்று பெருமையாகச் சொல்கிறீர்களே, அதில் அவளும் ஒருத்தி. உங்கள் கணக்கில் வயது பதினைந்தில் தொடங்குகிறது; முடிவது எங்கே என்று தேடினேன், எங்கேயும் முடியவில்லை. அவளுக்கு ஓய்வு தருவதற்கு எந்தப் படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்பதைத் தெரியப்படுத்தவும். கைரேகை வைக்கலாமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அவளுக்கு ரேகை இப்போது சரியாக விழுவதில்லை.

இப்படிக்கு,
3.5-இல் சேராதவன்