அலைக்கு அளவெடுத்த மொட்டைமாடிகள்

143ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் மீட்டரில் ஒரு நீளம் கிடைக்கும். அந்த நீளத்துக்கு அலுமினியக் குழாயை வெட்டி, நடுவில் இரண்டாகப் பிரித்து, பிரித்த இடத்தில் ஒயரைக் கட்டினால் அது ஆண்டெனா. அரை அலை நீளத்துக்கு 150ஐத்தான் வகுக்க வேண்டும். ஆனால் குழாயின் தடிமனும் அதன் முனைகளும் அலைக்கு அதைக் கொஞ்சம் நீளமாகக் காட்டுகின்றன. அதனால் நூற்றுக்கு ஐந்து குறைத்து 143. பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் நான் வளர்ந்த தெருவில், 1980 வாக்கில், இந்தக் கணக்கு பலருக்கும் தெரியும். பள்ளிப் படிப்பை முடிக்காத ஒரு வெல்டர் மனக்கணக்காகவே போட்டுச் சொல்வார்.

தெரிந்துவைத்திருக்க வேண்டிய கட்டாயமும் இருந்தது. மெட்ராஸில் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்றே வந்துவிட்டது. பெங்களூருக்குச் சொந்த நிலையம் கிடைத்தது 1981 நவம்பர் 1இல். இடைப்பட்ட ஆறு ஆண்டுகளும் பார்க்க ஆசைப்பட்டவர்கள் ஏறக்குறைய நேர் கிழக்கே, 290 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த மெட்ராஸைத்தான் பிடிக்க வேண்டும். நடுவில் மலைகள் உண்டு. நம் ஊர் கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டர் உயரத்தில் இருப்பது உதவி செய்தது. அதைவிடப் பெரிய உதவி பனிக்காலத்து இரவு. தரையோரக் காற்று குளிர்ந்து, அதன்மேல் சற்றுச் சூடான காற்று படியும்போது, அலை வளைந்து தொடுவானத்துக்கு இப்பாலும் வந்து இறங்கும்.

என் சித்தப்பா ஜாலஹள்ளிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். ஆண்டெனா நினைவுகளை எழுதுகிறவர்கள் எல்லோரும் மாடிக்கும் கூடத்துக்கும் நடுவே நடந்த கூச்சலை எழுதுகிறார்கள். எனக்கு நினைவில் நிற்பது அவருடைய இஞ்ச் டேப்தான். எஸ்.பி. ரோட்டில் அரை இஞ்ச் அலுமினியக் குழாய் வாங்கி வந்து, திண்ணையில் பரப்பி, சுண்ணாம்புக் கட்டியால் குறி போடுவார். மெட்ராஸ் நிலையம் நான்காவது சேனல், 61 முதல் 68 மெகாஹெர்ட்ஸ் வரை. நடுப்புள்ளி 64.5. ஆக, முதன்மைக் குழாய் 2.22 மீட்டர். பின்னால் நிற்கும் ரிஃப்ளெக்டர் கொஞ்சம் நீளமாக 2.33. முன்னால் போகும் டைரக்டர் கொஞ்சம் குட்டையாக 2.11.

“ஏன் சித்தப்பா பின்னாடி நீளமா இருக்கு?”

“அது அலையைத் தாண்டிப் போக விடாம முன்னாடி தள்ளுதுடா. முன்னாடி இருக்கிற குட்டை, வா வான்னு இழுக்கும். ரெண்டுக்கும் ஒயர் கிடையாது, பார்த்தியா? எல்லாம் நீளத்துல இருக்கு.”

ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் ஷின்தாரோ உடாவும் ஹிதெட்சுகு யாகியும் 1926இல் வெளியிட்ட அமைப்பு இது. உடா செய்த உழைப்பு பெரிது. உலகம் பெரும்பாலும் யாகியின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டது எனக்கு இன்றும் வருத்தம்தான். அவர்கள் இருவரின் கண்டுபிடிப்பு ஸ்ரீராமபுரத்து மாடியில், மூங்கில் கழிகளை ஒன்றோடொன்று கட்டிய உயரத்தில், கிழக்கு பார்த்து நின்றது. அடியில் ஒரு பூஸ்டர். வெள்ளிக்கிழமைப் பாட்டு நிகழ்ச்சியான ‘ஒலியும் ஒளியும்’ சில வாரம் முகம் தெரியும்படி வரும். சில வாரம் பாட்டு மட்டும் வரும், திரையில் புள்ளிகள் ஓடும். அப்போதும் யாரும் எழுந்து போனதில்லை.

பெங்களூர் இப்படிக் கிழக்கே கழி நட்டுக் காத்திருந்த நாளில், இதே கர்நாடகத்தின் பிஜாப்பூர், குல்பர்கா, ராய்ச்சூர் மாவட்டங்களில் மின்சாரமே அண்மையில் எட்டிப்பார்த்த கிராமங்கள் விண்வெளியிலிருந்து நேரடியாகத் தொலைக்காட்சி பார்த்துவிட்டன. நாசாவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளை வைத்து 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டு நடந்த ‘சைட்’ திட்டம் அது. ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்கள். ஒவ்வொரு கிராமத்திலும் கோழிக்கூண்டு வலையால் செய்த 3 மீட்டர் கிண்ணம். சமிக்ஞை 860 மெகாஹெர்ட்ஸ், அலை நீளம் சுமார் 35 சென்டிமீட்டர். வலையின் ஓட்டை அதைவிட மிகச் சிறியது என்பதால் அலைக்கு அது முழுச் சுவர். காற்றுக்கோ திறந்த வழி. எடை குறைவு, விலையும் குறைவு. இந்தியப் பொறியாளர்கள் செய்தவற்றில் நான் மிகவும் மதிப்பது எது என்று கேட்டால் ராக்கெட்டுக்கு முன்னால் அந்த வலைக் கிண்ணத்தைச் சொல்வேன். கையில் கிடைக்கிற பொருளுக்கும் கண்ணுக்குத் தெரியாத அலைக்கும் அளவு பார்த்துப் பொருத்தம் செய்த வேலை அது.

மத்திய அலை வானொலிக்கு அந்த 143 கணக்கு ஒத்துவராது. பெங்களூர் ஆகாசவாணியின் மத்திய அலை 612 கிலோஹெர்ட்ஸ். அலை நீளம் 490 மீட்டர். அதில் பாதியை எந்த வீட்டிலும் கட்ட முடியாது. அதனால் கூடத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குச் செம்புக் கம்பி இழுத்திருப்பார்கள். அந்தக் கம்பியில்தான் சிற்றலையில் இலங்கை வானொலியும் வந்தது. அதன் அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீதின் உச்சரிப்பைக் கேட்டு நான் கற்ற தமிழ், கன்னடப் பள்ளிக்கூடத்தில் கிடைக்காத தமிழ். தபால் நிலையத்தில் ஆண்டுதோறும் கட்டிய லைசென்ஸ் பணத்தைத் தவிர அதற்கு வேறு செலவில்லை. 1980களின் நடுவில் அதுவும் நின்றது.

பிறகு நடந்தது எல்லா ஊரிலும் நடந்ததுதான். கேபிள் வந்தது, டிஷ் வந்தது, குழாய்கள் பழைய பேப்பர் கடைக்குப் போயின. தூர்தர்ஷனின் பழைய முறைத் தரைவழி ஒளிபரப்பும் 2022க்குள் பெரும்பாலும் நிறுத்தப்பட்டது.

இப்போது நான் இருப்பது கெங்கேரி. இங்கிருந்து அதிக தூரமில்லை பியாலாலு. சந்திரயானின் குரலைக் கேட்க 2008இல் தயாரான 32 மீட்டர் ஆண்டெனா அங்கே நிற்கிறது. நகரின் வடக்கே கௌரிபிதனூரில் 1970களில் ஆயிரம் டைபோல்களை T வடிவில் விரித்து, 34.5 மெகாஹெர்ட்ஸில் வானத்தைக் கேட்டார்கள் நம் வானியலாளர்கள். நகரத்துக்குள் எத்தனையோ அலுவலகங்களில் உலகத்துக்கே ரேடியோ சில்லு வடிவமைக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில், எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடியில் தனி வீட்டுக்காரர் ஒரு கம்பி நடக் கூடாது என்பது சங்கத்தின் விதி. அதே மாடியில் கைபேசி கோபுரம் வாடகைக்கு நிற்கிறது. அந்த வாடகை எங்களுக்கு வேண்டியதுதான், மறுக்கவில்லை. காசு கேட்காமல் வருகிற அலைக்கு ஒரு மூலைகூட இல்லை என்பதே என் ஆற்றாமை.

கையில் இருக்கும் கருவியிலும் இதே கதை. எஃப்.எம். உள்ள கைபேசிக்கு இயர்போன் ஒயர்தான் ஏரியல். ஒயரில்லாத இயர்போன் வந்தது, செருகும் துளை மறைந்தது, கூடவே ஏரியலும் போனது. கைபேசிகளில் எஃப்.எம். வசதி இருக்க வேண்டும் என்று 2023இல் மத்திய அரசு கைபேசித் தயாரிப்பாளர்களுக்கு அறிவுரை அனுப்பியது. வெள்ளம் வந்து டவர் படுத்துவிட்டால் வானொலி மட்டும் பேசும் என்பது சென்னைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அறிவுரையாக இல்லாமல் அது விதியாகவே வந்திருக்க வேண்டும்.

இன்னொரு திருப்பமும் இதே ஊரில்தான் நடக்கிறது. இணையம் இல்லாமலே கைபேசிக்கு நேராகத் தொலைக்காட்சி அனுப்பும் டி2எம் முறைக்கான சில்லைச் செய்தது பெங்களூரின் சாங்க்யா லேப்ஸ். வெள்ளோட்டம் நடந்த இடங்களில் பெங்களூரும் ஒன்று. அதற்குப் பேசப்படுகிற அலைவரிசை 470 முதல் 582 மெகாஹெர்ட்ஸ். 143ஐ வகுத்துப் பாருங்கள், 25 முதல் 30 சென்டிமீட்டர். கைபேசியே அந்த நீளம் இல்லை. குட்டை ஆண்டெனாவில் சமிக்ஞை எவ்வளவு தேறும், கட்டடத்துக்குள் எட்டுமா என்பதில்தான் இந்த முயற்சியின் உயிர் இருக்கிறது. கைபேசி நிறுவனங்கள் தயங்குகின்றன. எனக்கோ அது வெற்றி பெற வேண்டும் என்று தவிப்பு. டேட்டா தீர்ந்த பையனும் பார்க்கலாம், யார் பார்க்கிறார் என்று யாரும் கணக்கெடுக்க முடியாது.

தம்பி மகள் ஒன்பதாம் வகுப்பு. விடுமுறைக்கு வந்தவளிடம் ஒயரையும் டேப்பையும் கொடுத்தேன். 101.3க்கு வகுத்து 1.41 மீட்டர் என்றாள். பாதி பாதியாக வெட்டி, பால்கனிக் கம்பியில் பிளாஸ்டிக் குழாயைக் கட்டி, அதன்மேல் ஒயரை விரித்தாள். பழைய ரேடியோவில் எஃப்.எம். ரெயின்போ இரைச்சல் இல்லாமல் வந்தது.

“பெரியப்பா, இதுல மைசூர் வருமா?”

எம்.வி. கோபாலசுவாமி என்கிற உளவியல் பேராசிரியர் 1935இல் தன் வீட்டிலிருந்தே ஒலிபரப்பு தொடங்கிய ஊர் அது. அங்கே ஆகாசவாணி இப்போது 100.6 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது. நீளம் அநேகமாக இதேதான். ஆனால் நூறு கிலோமீட்டருக்கும் மேல் தென்மேற்கே போக வேண்டும், நகரின் நிலையங்களோ முதுகுக்குப் பின்னால் உரக்கப் பேசுகின்றன. ரிஃப்ளெக்டர் வேண்டும் என்றேன். அவளே கணக்குப் போட்டாள்: 1.48 மீட்டர் குழாய், 60 சென்டிமீட்டர் பின்னால், வடகிழக்குப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை எஸ்.பி. ரோடு மூடியிருக்கும் என்பதால் சனிக்கிழமையே குழாய் வாங்கப் போகிறோம்.