தடவிப் பாருங்க

உப்புத்தாளார் வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் உட்காரச் சொல்ல மாட்டார், தடவத்தான் சொல்வார்.

"கண்ணை மூடிக்குங்க. மூடிட்டீங்களா? இப்போ தடவிப் பாருங்க."

தடவ வேண்டியது ஒரு டீப்பாய். ஆன்லைனில் தள்ளுபடியில் வாங்கியது. நாலு கால், ஒரு பலகை, ஒரு பொட்டலம் திருகாணி, ஒரு ஆலன் சாவி என்று அட்டைப் பெட்டியில் வந்து இறங்கியது. மற்ற வீடுகளில் அன்று சாயங்காலமே அதைப் பூட்டி ஹாலில் போட்டு, மேலே பேப்பரும் ரிமோட்டும் வைத்திருப்பார்கள். இவர் பூட்டவில்லை. கம்பெனி போட்ட பாலிஷைச் சுரண்டத் தொடங்கினார்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு சார்."

"நல்லா இருக்குன்னா?"

வந்தவர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். வழவழப்பாக இருக்கிறது என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் விட மாட்டார். இடது ஓரம் 180 நம்பர் உப்புத்தாள், வலது ஓரம் 220. வித்தியாசம் விரல் நுனியில் தெரிந்ததா என்று கேட்பார். தெரியவில்லை என்றால் மறுபடியும் கண்ணை மூட வேண்டியதுதான். தெரிந்தது என்று பொய் சொல்லித் தப்பித்தவர்களும் உண்டு. அவர்களுக்கு 320-ஐயும் காட்டுவார்.

உப்புத்தாள் சாஸ்திரம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். நம்பர் ஏற ஏறப் பொடி நைசாகும். 80-இல் தொடங்கி 120, 180, 220 என்று படிப்படியாகத்தான் ஏற வேண்டும். ஒவ்வொரு தாளும் முந்தைய தாள் போட்ட கீறலை அழிக்க வந்தது, நடுவில் ஒன்றைத் தாண்டினால் பாலிஷ் போட்ட பிறகு கீறல் பல்லிளிக்கும். ரேகை ஓடும் வாக்கில்தான் தேய்க்க வேண்டும். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் நார் எழும்பி நிற்கும், காய்ந்ததும் அதையும் தேய்த்துவிட வேண்டும். எல்லாம் சரியான விஷயங்கள்தான். சிலிண்டர் கொண்டு வந்தவரை நிறுத்தி வைத்துச் சொல்ல வேண்டுமா என்பதுதான் கேள்வி. அந்த மனிதர் கையில் துரு. வாஷ்பேசினுக்கு அனுப்பிக் கை கழுவ வைத்து, துடைக்கத் துண்டும் கொடுத்துத் தடவ வைத்தார். வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வெயிலில் வந்த டீச்சரம்மாவும் தடவித்தான் கையெழுத்து வாங்கிப் போனார்.

உச்சக்கட்டம், பெண் பார்க்க வந்தவர்கள் தடவியது. பையனின் அப்பா குலசேகரம் பக்கத்துக்காரர். பெண் காபித் தட்டோடு வந்து நிற்கிறாள். இவர் சம்பந்தியின் கையைப் பிடித்து டீப்பாய்மேல் வைத்து, "தேக்கு மாதிரி இருக்கில்ல?" என்கிறார். மூன்று கோட் 'வால்நட்' ஷேடு ஏற்றியிருந்தார். (வால்நட் மரத்தை அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.) அந்தப் பெரியவர் ஒன்றும் பேசாமல் டீப்பாயைச் சாய்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். சாயம் ஏறாத வெளிறிய மரம். சின்னச் சின்னத் துண்டுகளைச் சீப்புப் பல் போலக் கோத்து ஒட்டியிருந்தது.

"இது ரப்பர் தடியாக்கும். நம்ம ஊருல பால் வத்தினா வெட்டிக் கொடுத்திருவோம்."

தப்பாகச் சொல்லவில்லை. ரப்பர் மரம் இருபத்தைந்து, முப்பது ஆண்டு பால் கொடுத்து ஓய்ந்த பிறகுதான் மேஜை நாற்காலியாகிறது. பூச்சி அரிக்காமல் இருக்கப் போரான் மருந்து ஏற்றுவார்கள். குறைந்த விலை மரச்சாமான்களில் அது நிறைய உண்டு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உப்புத்தாளாரும் வெட்கப்படவில்லை. "ரப்பரையே இந்த வழவழப்புக்குக் கொண்டு வந்திருக்கேன் பாருங்க!" என்றார். சம்பந்தம் கூடிவிட்டது. அதற்கும் டீப்பாய்தான் காரணம் என்று இன்றுவரை நம்புகிறார்.

இதற்கு முன்னால் ஒரு செருப்பு ஸ்டாண்டு இருந்தது. அது பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்தூளைப் பசை விட்டு அழுத்திய பலகை. மேலே தெரிந்த அழகான மர ரேகை காகிதத்தில் அச்சடித்தது. 80 நம்பர் பட்டதும் ரேகை காணாமல் போயிற்று. அந்த ஸ்டாண்டைப் பற்றி வீட்டில் யாரும் பேசக் கூடாது.

2018-இல் ஐக்கியாவின் முதல் இந்தியக் கடை ஹைதராபாதில் திறந்தபோது ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் இவர். ஒரு நாற்காலி வாங்கி வந்திருக்கலாம். அங்கிருந்த நாற்காலிகளையெல்லாம் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "ஃபினிஷிங் பத்தாது" என்று திரும்பினார். நார்ட்டன், மோச்சன், ஏரியலி என்ற மூன்று ஆய்வாளர்கள் 2012-இல் 'ஐக்கியா விளைவு' என்று ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தன் கையால் பூட்டிய சாமானுக்கு மனிதன் கூடுதல் மதிப்புக் கொடுக்கிறான், ஆனால் வேலை முடியாமல் நின்றால் அந்தப் பிரியம் வற்றிவிடுகிறது என்பது அவர்கள் கண்டது. உப்புத்தாளாரை அவர்கள் சந்திக்கவில்லை. இவருக்கு முடியாத சாமான்மேல்தான் பிரியம் கூடும். 220-க்கு மேல் தேய்த்துக்கொண்டே போனால் மரம் பளிங்காகிச் சாயத்தைச் சரியாகக் குடிக்காது என்று பெயிண்ட் கடைக்காரரே சொல்லிவிட்டார். இவர் 400-க்குப் போனார். சாயம் திட்டுத்திட்டாக நின்றது. அதைச் சாக்கிட்டு மறுபடி 80-இலிருந்து ஆரம்பித்தாயிற்று.

ஒருவழியாகப் பிரெஞ்சு பாலிஷ் வரை வந்தார் என்று வையுங்கள். அது ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு, மரக்கிளையில் ஒட்டி வாழும் பூச்சி சுரப்பது. அதற்கென்று 1924-இலேயே ராஞ்சிக்குப் பக்கத்தில் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள் என்பதை, நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்வார். அந்தப் பாலிஷுக்குச் சூடும் ஆகாது, ஈரமும் ஆகாது. சென்னையின் ஐப்பசி மழையில் போட்டால் வெள்ளை பூத்துவிடும். இவர் ஐப்பசியில்தான் போட்டார். சுடச்சுட டம்ளரை வைத்தால் வட்டமாகத் தடம் விழும். ஆகவே டீப்பாயில் காபி வைக்கக் கூடாது. வந்தவர்கள் டவரா டம்ளரைக் கையில் பிடித்தபடி, ஊதிக்கொண்டே, வைக்க இடம் தேடுகிறார்கள். ஒருவர் டம்ளரைத் தரையில் வைத்தார். வீட்டம்மாள் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டு வந்து டீப்பாய்க்குப் பக்கத்தில் போட்டார். அந்த ஸ்டூல்தான் இப்போது அந்த வீட்டு டீப்பாய்.

இதுவரை சிரிக்கலாம். தேய்த்த தூள் பால்கனி வழியாகக் கீழ்வீட்டுக் கொடியில் காயும் துணிமேல் இறங்குவதைச் சிரித்து ஒதுக்க முடியாது. மரத்தூளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புற்றுநோய் உண்டாக்குவது என்று உறுதியான முதல் பிரிவில் வைத்திருக்கிறது. இவர் முகக்கவசம் போட்டுக்கொள்கிறார். கீழ்வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, அதற்கு யார் போட்டுவிடுவார்கள்? ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மாடிப்படி மீட்டர் பெட்டிக்குக் கீழே வைத்திருந்தார். அந்த எண்ணெய் காற்றுப் பட்டுக் காயும்போது சூடு கிளப்பும், சுருட்டி வைத்த துணி தானாகவே தீப்பிடிக்கும். டின்னிலேயே எச்சரிக்கை அச்சடித்திருக்கிறார்கள். டின்னைத் தடவிப் பார்த்திருப்பாரே தவிர, படித்திருக்க மாட்டார்.

இன்னொன்று. ஆர்பிட்டல் சேண்டர் மெஷினைச் சொன்ன விலைக்கு வாங்கியவர், பாலிஷ்காரரை ஒருநாள் கூப்பிட்டுக் கூலியில் நூறு ரூபாய் குறைக்க அரை மணி நேரம் பேரம் பேசினார். "இதெல்லாம் நானே பண்ற வேலைதானே" என்றும் சொன்னார். அந்தத் தொழிலில் நரைத்த மனிதர் அவர். மேலே வெளிச்சம் விழும்படி தலையைச் சாய்த்து ஒரு பார்வை பார்த்தார். "நல்லாத் தேச்சிருக்கீங்க சார்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். பாராட்டு என்று உப்புத்தாளார் எடுத்துக்கொண்டார், கட்டட வாட்ஸ்அப் குழுவிலும் போட்டார்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தூள் படிந்த புருவத்தோடு அவர் குனிந்து தேய்ப்பதைப் பார்த்தால் கோபம் நிற்க மாட்டேன் என்கிறது. பெருங்காய டப்பா அளவு மரக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றிப் பிடித்திருப்பார். நாலு இழுப்புக்கு ஒருமுறை ஊதுவார், கன்னத்தை வைத்துப் பார்ப்பார். ஆபீசில் முப்பது வருஷம் ஃபைல் தள்ளியவருக்கு, கைக்குக் கீழே ஒன்று மாறுவது புதுசு போலிருக்கிறது.

அடுத்தது கட்டில். மெத்தை இப்போதே சுவரில் சாய்ந்து நிற்கிறது. வீட்டம்மாள் எதுவும் பேசாமல் அம்மா வீட்டிலிருந்து இரும்புக் கட்டில் ஒன்றை ஆட்டோவில் ஏற்றி வரவழைத்துவிட்டார். நேற்று உப்புத்தாளார் ஹார்டுவேர் கடையில் நின்றிருந்தார். துருவுக்கு எந்த நம்பர் எமரி தாள் நல்லது, ரெட் ஆக்சைடு எத்தனை கோட் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.