படுகொலை நாளில் பதிவு போடுவது எப்படி?

எங்கோ குண்டு வெடித்திருக்கிறது. ஆம்புலன்ஸ் இன்னும் வந்து சேரவில்லை. ஆனால் உங்கள் கையில் போன் இருக்கிறது. பதற வேண்டாம். கீழ்க்காணும் வழிமுறைகளைக் கடைப்பிடித்தால், ராத்திரிக்குள் ஆயிரம் லைக் உறுதி.

1. போலீஸை முந்துங்கள்.
கூட்டத்தைக் காட்டும் படம் ஏதாவது கிடைக்கும். அதில் முதுகில் பை மாட்டிய மாநிற இளைஞனைத் தேடிச் சிவப்பு வட்டம் போடுங்கள். 2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு ரெடிட்டில் இப்படி ஒரு துப்பறியும் படையே கிளம்பியது. ஒரு மாதமாகக் காணாமல் போயிருந்த மாணவர் ஒருவர் மீது பலரின் விரல் நீண்டது. அவரைத் தேடுவதற்காக வீட்டார் தொடங்கிய ஃபேஸ்புக் பக்கத்தில் வசை கொட்டியது. அதை முடக்கிவைக்க வேண்டியதாயிற்று. அதே மாதம் அவருடைய உடல் ஆற்றில் கிடைத்தது. குண்டுவெடிப்புக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ரெடிட் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். சத்தமில்லாமல் பதிவைத் தூக்கிவிட்டால் போதும்.

2. கண்டனத்தை டிராஃப்டில் வையுங்கள்.
கொலையாளியின் பெயர் வெளியாகும்வரை அவசரப்படாதீர்கள். எதிர் முகாம் என்றால், அவன் சமூகமே தலைகுனிய வேண்டும் என்று முழங்குங்கள். நம்மாள் என்றால், பின்னணியையும் ஆராய வேண்டும் என்று நிதானம் காட்டுங்கள். செத்தவர்கள் அதுவரை காத்திருப்பார்கள்.

3. வீடியோவைப் பகிருங்கள்.
‘இளகிய மனம் படைத்தவர்கள் பார்க்க வேண்டாம்’ என்று மேலே ஒரு வரி போட்டால் கணக்குச் சரி. 2019 மார்ச் 15 அன்று கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவன், தான் சுடுவதை ஃபேஸ்புக்கில் நேரலையாகக் காட்டினான். அப்போதே பார்த்தவர்கள் 200 பேருக்கும் குறைவு. லைவ் ஓடியபோது அவர்களில் ஒருவர்கூடப் புகார் தரவில்லை என்றது ஃபேஸ்புக். ஆனால் முதல் 24 மணி நேரத்தில் அந்நிறுவனம் தடுத்ததும் நீக்கியதுமான பிரதிகள் 15 லட்சம். அவன் தலையில் கேமரா மாட்டிக்கொண்டு வந்ததே உங்களை நம்பித்தான். ஏமாற்றிவிடாதீர்கள்.

4. ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.
இலங்கையில் ஈஸ்டர் தாக்குதல் நடந்து மூன்று வாரம் இருக்கும். சிலாபத்தில் ஒரு முஸ்லிம் கடைக்காரர் ஃபேஸ்புக் வாக்குவாதத்தில் எழுதிய ஒற்றை வரி, மிரட்டல் என்ற பெயரில் ஊரைச் சுற்றியது. அவர் கடையில் கல் விழுந்தது, பள்ளிவாசல்களும் தப்பவில்லை. மறுநாள் கலவரம் பல ஊர்களுக்குப் பரவி, நாத்தாண்டியாவில் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். குண்டு வைத்தவர்கள் மூட்ட நினைத்த பகையை மிச்சமில்லாமல் மூட்டிக் கொடுக்க, கையில் ஒரு போன் இருந்தாலே போதும்.

எச்சரிக்கை: இந்தக் கையேடு நியூசிலாந்தில் செல்லாது. கிறைஸ்ட்சர்ச் வீடியோவைச் சுமார் 30 பேருக்கு அனுப்பிய ஒருவருக்கு அங்கே 21 மாதச் சிறை கிடைத்தது. ‘வந்ததை அனுப்பினேன்’ என்ற நம் தேசிய வாக்குமூலம் அந்த ஊர் கோர்ட்டில் எடுபடாது.