கல்பாசிக்குச் சாதி பிரிக்கும் பேராண்டிக்கு

ஏண்டா பேராண்டி, பெங்களூருக்குப் போயி கல்பாசிக்குச் சாதி பிரிக்கிறியாமே! நம்ம ஊருல அந்த வேலைய மிஷினே இல்லாம செய்ய ஆளுங்க இருக்காங்க. கெழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு பாக்காத. நீ தூங்கறப்போ உன் புஸ்தகத்தப் படிச்சது நான்தான்.

கல்பாசி ஒரு லைக்கன். லைக்கன்னா ஒருத்தன் இல்ல, ரெண்டு பேரு. பூஞ்சை வீட்டுக்காரன், பாசி குடியிருக்கறவன். வெயில்ல சமைச்சு, வாடகையச் சோறாவே குடுத்துடறான். உங்க பெங்களூரு மாதிரி பத்து மாச அட்வான்ஸ் கெடையாது. ஆனா பட்டா பூராவும் பூஞ்சை பேருலதான். அதனால பூஞ்சையோட டி.என்.ஏ.வப் படி. சுத்தம் பண்ணாம அரைச்சா, மேல ஒட்டிக்கிட்டிருந்த வேறொரு பூஞ்சைக்குப் பேரு வச்சுட்டு வந்து நிப்ப.

ஐ.டி.எஸ்.னு ஒரு டி.என்.ஏ. துண்டத்த 2012-ல பூஞ்சைங்களுக்குப் பொது அடையாளமா முன்வச்சாங்க. மரபணுவப் படிச்சா, மூஞ்சி ஒண்ணா இருக்கறதும் பிரிஞ்சு நிக்கும். பார்மோட்ரீமா ரெட்டிகுலேட்டம்ங்கற லைக்கன் கூட்டத்துல சூடோரெட்டிகுலேட்டம் தனி இனந்தான்னு நம்ம ஆராய்ச்சியாளர் பிரதீப் திவாகரும் மாட்ரிட் கூட்டாளிங்களும் 2005-ல உறுதி பண்ணாங்க. அமெரிக்கக் கண்டத்துல கோரான்னு ஒரு லைக்கன் இருக்கே, ஒரு காலத்துல ஒரே இனம்னு நெனச்சது, 2014-ல 126 ஆயிடுச்சு!

அதுக்காக டி.என்.ஏ.வுல நாலு எழுத்து மாறினதும் புது இனம்னு குதிச்சு, வாத்தியார் பேர அதுக்கு வச்சு ஐஸ் வைக்காத. ஒரே இனத்துக்குள்ளயும் எழுத்து மாறும். ரெண்டு மூணு மரபணு சேத்துப் பாரு. லென்ஸப் பரண்ல போட்டுடாத. பொட்டாஷ் ஒரு சொட்டு விட்டா, சாலசினிக் அமிலம் இருக்கறது மஞ்சளாகிச் செவக்கும். நைலாண்டர்ங்கற லைக்கன் ஆராய்ச்சியாளர் 1866-லயே ஆரம்பிச்ச வித்தை அது, கரன்ட் பில் வராது.

கை பழகணும்னா மார்க்கெட்ல 'கல்லு ஹூவு'ங்கற கல்பாசி ஒரு பொட்டலம் வாங்கு. ஒண்ணுன்னு விக்கறதுல பல இனம் கலந்து கெடக்கும். பிரியாணி இன்னைக்கு வரைக்கும் புகார் குடுக்கல.

லால்பாக்குக்கும் போ. அங்க லைக்கன்ல கன உலோகம் சேர்றத 2003-லயே கரண்ட் சயின்ஸ்ல எழுதிட்டாங்க. வண்டிப் புகை உன் ஆராய்ச்சி முடியட்டும்னு காத்திருக்காது. அனுமதி வாங்கிட்டுச் சுரண்டு. எந்த மரம், எந்தத் தேதின்னு உறையில எழுது. ஒரு துண்ட லக்னோ தாவரவியல் ஆய்வு நிலையத்துல குடுத்து வை. மாதிரி கையில இல்லாத டி.என்.ஏ.வ எவனும் நம்ப மாட்டான்.