அரூபச் சீனி: வாங்காத பொருளுக்கு வந்த பில் பற்றிய ஓர் ஆராய்ச்சி

பாயிரம்

உள்ள பொருளைப் பற்றி அறிவுலகம் நிறையவே ஆராய்ந்துவிட்டது. இல்லாத பொருளையும் விட்டுவைக்கவில்லை. முயற்கொம்பு, ஆகாயத் தாமரை, மலடி மகன் ஆகிய மூவரும் தருக்க நூல்களில் நிரந்தரக் குடிகள். ஆனால் இல்லாத பொருளுக்குப் பில் வந்தால் என்ன செய்வது என்று முன்னோர் சொல்லவில்லை. ‘முயற்கொம்பு 2 கிலோ, 50 ரூபாய்’ என்று எந்தத் தருக்க ஆசிரியரின் செல்போனுக்கும் எஸ்.எம்.எஸ். வந்ததில்லை.

நமக்கு வருகிறது. ரேஷன் கடைப் பக்கமே தலைவைத்துப் படுக்காத மாதத்தில், சீனி 2 கிலோ, துவரம்பருப்பு 1 கிலோ, பாமாயில் 1 லிட்டர் வாங்கியதாகவும் அதற்கு 105 ரூபாய் கொடுத்ததாகவும் அரசே நம் செல்போனுக்குச் சேதி அனுப்புகிறது. இந்தச் சீனியை இக்கட்டுரை ‘அரூபச் சீனி’ என வழங்கும். பருப்பும் பாமாயிலும் உபலட்சணத்தால் அதில் அடங்கும்.

1. ஆய்வுக் களம்

விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பு வட்டத்துக் கூமாப்பட்டி களமாகக் கொள்ளப்பட்டது. என்னை? காரணம் மூன்று.

முதலாவது, 2025-இல் இன்ஸ்டாகிராம் ரீல்கள் வழியே நாடறிந்த ஊர் இது. அதுவரை மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், பிளவக்கல் அணைக்குப் பக்கத்தில், தென்னந்தோப்பும் வயலுமாகத் தன்பாட்டில் இருந்தது. ரீலில் ஒலித்த ‘ஏங்க’ என்ற ஓர் அழைப்பில் வெளியூர்க் கார்கள் வந்து நின்றன. செல்போனில் தெரிவது வேறு, நேரில் இருப்பது வேறு என்ற தத்துவத்தைப் பல்கலைக்கழக உதவியின்றிக் கற்ற மக்கள் இவர்கள்.

இரண்டாவது, சதுரகிரி அருகில் இருக்கிறது. அங்கே சித்தர்கள் இன்றும் அரூபமாக உலாவுகிறார்கள் என்பது ஐதிகம். கண்ணுக்குத் தெரியாதது உண்டு என்று ஒப்புக்கொள்ளும் மனப்பக்குவம் இவ்வட்டாரத்தாருக்கு இயல்பிலேயே அமைந்துள்ளது. மூன்றாவது, 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவின் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூர் கிட்டத்தில் உள்ளது. சீனி இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியை இங்கே கிண்டிப் பார்த்தே தீர்த்துவிடலாம்.

களம் என்றது கேட்டறிந்த டீக்கடைப் பெஞ்சை. குற்றம் நடந்த இடத்தையன்று. இவ்வூர்க் கடையோ வேறெந்த ஊர்க் கடையோ இங்கே குறிக்கப்படவில்லை. தமிழ்நாட்டில் 34 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரேஷன் கடைகள், இரண்டு கோடிக்கும் மேற்பட்ட அட்டைகள். அரூபம் ஓரூர்ச் சொத்தன்று.

2. பில்லின் இருபெரும் பிரிவு

வாங்காத பொருளுக்கு வரும் பில் இருவகைப்படும்: காசு கேட்கும் பில், காசு கேட்காத பில்.

காசு கேட்கும் பில்லுக்கு எடுத்துக்காட்டு 2022-இல் தமிழ்நாடெங்கும் பரவிய மின்கட்டணச் சேதி. ‘போன மாதப் பில் கட்டவில்லை, இன்றிரவு 9.30 மணிக்குக் கரண்ட் கட்’ என்று வரும். அடியில் ஏதோ ஒரு பத்து இலக்கச் செல்போன் எண் ‘மின்வாரிய அதிகாரி’ என்ற பட்டத்தோடு நிற்கும். கூப்பிட்டால் ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள். இறக்கினால் நம் செல்போன் அவர்கள் கைக்குப் போய்விடும், பின்னாலேயே வங்கிக் கணக்கும். இச்சேதியின் பொய்மையை உணர ஆராய்ச்சி வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் வீட்டுக் கரண்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கெடுப்பு. அதில் முதல் 100 யூனிட் இலவசம். எடுத்த கணக்கு வெள்ளை அட்டையில் குறிக்கப்பட்டிருக்கும். ‘போன மாதப் பில்’ என்ற சொல்லே ஆள் அசலூர் என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஐயம் நீங்காதவர் 94987 94987 என்ற எண்ணில் மின்வாரியத்தின் ‘மின்னகம்’ சேவை மையத்தைக் கேட்கலாம். காசு போனவர் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே பேச வேண்டும். தாமதம் திருடனுக்கு வழிச்செலவு.

காசு கேட்காத பில்லோ இதற்கு நேர்மாறு. அனுப்புவது அசல் அரசு, எண் அசல், அட்டை அசல், தொகைகூடச் சரியான கூட்டல். பொருள் ஒன்றுதான் பொய். ஆகவே, கேட்கும் பில் போலி, கேட்காத பில் அசல் என்பது பெறப்படும். போலியைக் கண்டு பயப்படுகிற நாம் அசலைக் கண்டு ‘சரி போ’ என்கிறோம். பின்னதே நுணுக்கமானது என்பதால் இனி வருவன எல்லாம் அதைப் பற்றியவை.

3. அரூபத்தின் வகைகள்

அரூபச் சீனி நான்கு வகை.

முழு அரூபம்: அட்டைக்காரர் கடைக்கே போகவில்லை, பில் வந்தது. பாதி அரூபம்: அரிசி கிடைத்தது, “பருப்பு ஸ்டாக் இல்லக்கா” என்ற பதிலும் கிடைத்தது, வீடு வந்து சேருமுன் பருப்புக்கும் பில் வந்தது. முன்தேதி அரூபம்: “ரேகைய வச்சுட்டுப் போங்க, நாளைக்கு வந்து வாங்கிக்கலாம்” என்பதால் இன்று பில், நாளை பொருள், அந்த நாளை எந்த நாள் என்பது காலதத்துவத்தில் சேரும். எடை அரூபம்: பில்லில் 2 கிலோ, பையில் அதைவிடக் கொஞ்சம் குறைவு; குறைந்த அந்தக் கொஞ்சமே அரூபம்.

அஃதே, 2017-இல் ஸ்மார்ட் கார்டும் 2020 அக்டோபரில் விரல் ரேகை முறையும் வந்தபின் முழு அரூபம் எங்ஙனம் நிகழும் எனின், அறிக: ரேகை எல்லோருக்கும் விழுவதில்லை. களை பறித்துத் தேய்ந்த விரலையும் தேங்காய் உரித்துத் தேய்ந்த விரலையும் மெஷினுக்கு அடையாளம் தெரியாது. அப்படிப்பட்டவர் பட்டினி கிடக்கலாகாது என்று மாற்றுவழிகள் வைத்திருக்கிறார்கள். ஏழைக்குத் திறந்த அந்தக் கதவு வழியாகவே அரூபமும் நுழைகிறது. கதவை அடைப்பது தீர்வன்று. யார் நுழைந்தார் என்று பார்ப்பதே தீர்வு.

கடைக்காரர்பால் இது பற்றிக் கேட்டவர்க்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றே. “என்னண்ணே, நான் இந்த மாசம் வரவே இல்ல, சீனி வாங்கியாச்சுன்னு மெசேஜ் வந்திருக்கு?” “சர்வர் பிரச்சினைம்மா.” வேதாந்திகளுக்கு மாயை எப்படியோ, ரேஷன் உலகுக்குச் சர்வர் அப்படி. அது உள்ளது என்றும் சொல்ல முடியாது, இல்லது என்றும் சொல்ல முடியாது. ஆனால் எல்லாவற்றுக்கும் அதுவே காரணம். இருப்பினும் ஒன்றை இந்த ஆய்வு பணிவுடன் குறிக்கிறது: பொருளைக் கொடுக்கும்போது மெதுவாக ஓடும் சர்வர், கொடுக்காத பொருளுக்குப் பில் போடும்போது மின்னல் வேகத்தில் ஓடுகிறது.

4. அளவைகளால் நிறுவுதல்

வாங்கவில்லை என்பதை நிறுவுவது எப்படி? மணிமேகலையில் அளவைவாதி பத்து அளவைகளை அடுக்குகிறான். நமக்கு நான்கு போதும்.

காண்டல்: சீனி டப்பாவைத் திறந்து பார்த்தல். டப்பா காலி. இது வலுவான சான்றுபோல் தோன்றும். ஆனால் வீட்டில் பிள்ளைகள் இருந்தால் வாங்கிய சீனியும் இதே நிலையை அடையும் என்பதால் தள்ளத்தக்கது.

கருதல்: ‘நான் கடைக்குப் போகவில்லை, ஆகவே வாங்கவில்லை.’ இதுவும் முன்போல் செல்லாது. 2025 ஆகஸ்ட் 12-இல் தாயுமானவர் திட்டம் தொடங்கியபோது, 70 வயது கடந்தவர்க்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருளே வீடு தேடி வரத் தொடங்கியது. போகாமலே வாங்குதல் இன்று சாத்தியம். மேலும், வீட்டில் வேறொருவர் போய் வாங்கி வந்து, அதை வாங்கியதாகச் சொல்ல மறந்திருக்கவும் கூடும். பில் வந்ததும் முதலில் விசாரிக்க வேண்டியது கடைக்காரரை அன்று; மாமியாரை.

ஆகமம்: நம்பத்தகுந்தோர் சொல். இங்கே ஆகமமாக நிற்பது எஸ்.எம்.எஸ். ஒன்றே. ஆனால் வழக்கே அதன்மேல்தான்.

அருத்தாபத்தி: இதுவே நம் பிரம்மாஸ்திரம். பகலில் உண்ணாத தேவதத்தன் பருத்திருக்கிறான் என்றால், இரவில் உண்கிறான் என்று கொள்வது அருத்தாபத்தி. அவ்வாறே, சீனி நம் வீட்டுக்கு வரவில்லை. கணக்குப்படி கடையிலும் இல்லை. ஆகவே மூன்றாவது ஓரிடத்தில் இருக்கிறது. தேவதத்தன் எங்கோ உண்கிறான்.

அந்தத் தேவதத்தன் கடைக்காரர்தான் என்று துணிவதும் அவசரம். கிட்டங்கியிலிருந்து வரும் மூட்டையிலேயே எடை குறைகிறது என்பது ரேஷன் ஊழியர் சங்கங்களின் நெடுநாள் முறையீடு. ஆய்வுக்கு வரும் அதிகாரி இருப்புக் குறைவுக்கு அபராதம் போடுவது கடை ஊழியருக்குத்தான், மூட்டைக்கு அல்ல. மேலே விழுந்த ஓட்டையை அவர் கீழே யாரோ ஒருவர் அட்டையில் ஒட்டுப்போட்டு அடைக்கிறார். 2025-இல் தராசையும் பில் மெஷினையும் புளூடூத்தால் இணைத்தபோது, மூட்டையையும் அப்படியே எடைபோட்டுத் தாருங்கள் என்று அவர்கள் கேட்டது இதனால்தான். ஆகத் தேவதத்தன் ஒருவனல்லன். கிட்டங்கி முதல் கடைவரை பந்தியே நடக்கிறது. இலை மட்டும் நம் பெயரில்.

5. எதிர்வாதமும் மறுப்பும்

“2011 ஜூன் முதல் அரிசி சும்மாதான் தருகிறார்கள். காசும் கேட்கவில்லை. வாங்காத அரிசிக்குப் பில் வந்தால் உனக்கு என்ன நஷ்டம்?” என்பார் ஒருசாரார்.

அற்றன்று. சும்மா வருவது நமக்குத்தான். அரசு விலைகொடுத்துத்தான் வாங்குகிறது. அந்தக் காசு போய்ச் சேர்ந்த கணக்கில் கையெழுத்து நம்முடையது. மேலும், அந்த மாதத்துப் பங்கு பில்லோடு தீர்ந்தது. 20-ஆம் தேதி உறவினர் வந்து நிற்க, நாம் சீனிக்கு ஓடினால், “ஒங்க கார்டுக்குப் போட்டாச்சே” என்ற விடை காத்திருக்கும். அதைவிடப் பெரிய கேடு, கணக்கு நிறைவாக இருப்பது. ஊரில் எல்லோரும் எல்லாம் வாங்கியதாக ஏட்டில் இருந்தால், பருப்பு வரவில்லை என்று மனுக்கொடுக்கிறவர் பொய்யராகிவிடுகிறார். நம் பெயரில் போன அரூபப் பருப்பு, அடுத்த தெருக்காரியின் உண்மைப் பசியை மறைக்கிறது.

6. சட்ட நூலார் கருத்து

பேசாதிருத்தல் சம்மதமாகுமா என்பதை மேலைநாட்டார் ஒரு குதிரையை வைத்து ஆராய்ந்தனர். 1862-இல் இங்கிலாந்தில் நடந்த பெல்ட்ஹவுஸ் எதிர் பிண்ட்லி வழக்கில், ஒருவர் தம் உடன்பிறந்தார் மகனுக்கு எழுதுகிறார்: பதில் வராவிட்டால் 30 பவுண்டு 15 ஷில்லிங்குக்குக் குதிரை எனது. அவன் பதில் போடவில்லை. மௌனம் ஒப்பந்தமாகாது என்றது நீதிமன்றம்.

பத்தாண்டு கழித்து வந்த 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம், 70-ஆம் பிரிவில் நமக்கு இன்னும் நெருங்கி வருகிறது. வணிகன் ஒருவன் தவறுதலாக ஒரு வீட்டில் சரக்கை வைத்துவிட்டுப் போக, வீட்டுக்காரர் அதைத் தமதாகப் பாவித்தால் விலை கொடுத்தாக வேண்டும் என்பது அதில் உள்ள எடுத்துக்காட்டு. சரக்கு வந்து பில் வராத நிலையைச் சட்டம் கண்டது. பில் வந்து சரக்கு வராத நிலையை அந்த எடுத்துக்காட்டு கனவிலும் கண்டதில்லை. ஆயினும் இரண்டிலிருந்தும் கொள்ளும் நீதி ஒன்றே: நீதிமன்றத்தில் மௌனம் சம்மதமாகாது, ரேஷன் கணக்கில் ஆகிவிடும். குதிரைக்காரன் சும்மா இருந்தும் குதிரை கேட்டவருக்குப் போகவில்லை. நாம் சும்மா இருந்தால் சீனி போய்விடும்.

7. செய்முறை

பில் வந்தால் முதலில் அழிக்கலாகாது. சேதிப்பெட்டி நிறைந்துவிட்டது என்று மாலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அழிக்கும் நற்பழக்கமுடையார், இந்த ஒன்றை விட்டுவைக்க. அதுவே ஆவணம்.

அடுத்து, வீட்டில் விசாரணை, மேலே சொன்னபடி.

பின், அந்தச் செல்போனிலிருந்தே பி.டி.எஸ். என்னும் மூன்று ஆங்கில எழுத்தும் ஓர் இடைவெளியும் 107 என்னும் எண்ணும் அடித்து 97739 04050-க்கு அனுப்புக. 101 என்றால் கடை இருப்பு, 102 என்றால் கடை திறந்திருக்கிறதா என்பது, 107 என்றால் பில் தப்பு. பேசித் தீர்க்க விரும்புவார்க்கு 1967, அல்லது 1800 425 5901. அதிலும் ஆறாதவர், வட்ட வழங்கல் அலுவலரிடம் மனுவாகக் கொடுக்கலாம். வழக்கமாக மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை குறைதீர் முகாம் நடக்கும். விருதுநகர் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தால் மனுவைப் பிழை திருத்திக்கொண்டே போகலாம்.

மனுவில் உரிச்சொல் வேண்டா. ‘அராஜகம்’, ‘பகற்கொள்ளை’ என்பன பத்திரிகைக்கு உரியன. அட்டை எண், சேதி வந்த நாள், பில்லில் உள்ள பொருள், கையில் வந்த பொருள் ஆகிய நான்குமே போதும். கடை ஊழியரிடம் சண்டைக்குப் போவதும் தேவையற்றது. மனு மேலே போனால் மூட்டை எடை வரை கேள்வி போக வழியுண்டு. சண்டையோ கடை வாசலோடு நின்றுவிடும். அடுத்த மாதமும் அதே வாசலில்தான் பையோடு நிற்க வேண்டும் என்பதையும் நினைக்க.

8. மேலாய்வுக்கு உரியது

எந்தப் பொருளும் வேண்டாம் என்று அடையாளத்துக்கு மட்டும் அட்டை வைத்திருப்போர் உள்ளனர். இவர்களுக்கும் அரூபச் சீனி வருமாயின் அது தனி வகையாக, ‘அரூபத்தின் அரூபம்’ என ஐந்தாவதாகச் சேர்க்கப்படும். களத்தில் இதுவரை அகப்படவில்லை.

இன்னொன்று, பில் வராமல் பொருள் மட்டும் வந்த நிலை. இருமுறை சீனி கிடைத்து ஒருமுறை மட்டும் சேதி வந்தவர், 2 கிலோ பில்லுக்குக் கடைக்காரரின் கை தாராளமானதால் கூடுதலாகப் பெற்றவர் ஆகியோரையும் ஆராய வேண்டும். பி.டி.எஸ். 107 அவர்களுக்கும் திறந்தே இருக்கிறது. ஆனால் கூமாப்பட்டி பெஞ்சில் இக்கேள்வியை எழுப்பியதும் எல்லோரும் டீயைக் குடித்து முடித்துக் கிளம்பிவிட்டதால், தரவு கிடைக்கவில்லை.