தடுப்பாட்டக்காரர்பால் ரசிகர் கொள்ளும் மெய்ப்பாடுகள்: ஹாரி மகுவாயரின் ஒரே ஒரு பெனால்டி உதையை முன்வைத்து ஓர் ஆய்வு

இயல் 1: ஆய்வின் நோக்கமும் எல்லையும்

முன்கள ஆட்டக்காரர் பத்து வாய்ப்பில் ஒன்பதைக் கோட்டைவிட்டாலும், பத்தாவதை வலைக்குள் தள்ளிவிட்டால் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள். தடுப்பாட்டக்காரர் பத்தில் ஒன்பதைத் தடுத்தால், விட்ட அந்த ஒன்றைப் பற்றி மறுநாள் சாயங்காலம் வரை பேசுவார்கள். இது யாவரும் அறிந்த அநீதி. இதற்குத் தனியே ஆய்வு வேண்டியதில்லை. ஆய்வுக்கு உரியது வேறு. நாள்தோறும் திட்டு வாங்கும் தடுப்பாட்டக்காரர் ஒருவர், உலகமே பார்த்துக்கொண்டிருக்கையில், ஒரு காரியத்தைப் பழுதின்றிச் செய்து முடித்துவிட்டால், அதுவரை திட்டியவர் என் செய்வார்? தம் வாயை எங்கே வைத்துக்கொள்வார்? இவ்வினாவுக்கு விடை காண்பதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வுக்களம் லண்டன் வெம்ப்ளி மைதானம். காலம் 2021 ஜூலை 11. கொரோனாவால் ஓராண்டு தள்ளிப்போன ஐரோப்பியக் கால்பந்துப் போட்டியான யூரோ 2020-இன் இறுதியாட்டம். இரண்டாவது நிமிடத்தில் லூக் ஷா இங்கிலாந்துக்கு அடித்தார். 67-ஆவது நிமிடத்தில் பொனூச்சி இத்தாலிக்குத் திருப்பினார். கூடுதல் நேரமும் தீர்ந்து, ஆட்டம் 1–1 என்ற நிலையில் பெனால்டி ஷூட்-அவுட்டுக்குப் போனது. நம்மூரில் அப்போது விடியற்காலை. கண் எரிய விழித்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும்.

இருதரப்பும் சேர்ந்து அன்று உதைத்தவை பத்து. அவற்றுள் இங்கிலாந்தின் இரண்டாவது உதை இவ்வாய்வின் முதன்மைச் சான்று. எஞ்சிய ஒன்பதும் துணைமைச் சான்றுகள். உதைத்தவர் ஹாரி மகுவாயர்.

இயல் 2: ஆய்வுப்பொருள் அறிமுகம்

மகுவாயர் 1993-இல் ஷெஃபீல்டில் பிறந்தவர். ஆறடிக்கு மேல் உயரம், உயரத்துக்கேற்ற தலை. 2018 உலகக்கோப்பைக் காலிறுதியில் அந்தத் தலையால்தான் ஸ்வீடனுக்கு எதிராக முதல் கோலை அடித்தார். அவருடைய தலையின் பருமனைப் புகழ்ந்து இங்கிலாந்து ரசிகர்கள் பாட்டே கட்டிப் பாடினார்கள். ரசிகர் வரலாற்றில் இதை முற்காலம் எனலாம்.

பிற்காலம் 2019 ஆகஸ்ட்டில் தொடங்குகிறது. லெஸ்டர் சிட்டியிடமிருந்து மான்செஸ்டர் யுனைடெட் அவரை 80 மில்லியன் பவுண்டு கொடுத்து வாங்கியது. அன்றுவரை எந்தத் தடுப்பாட்டக்காரருக்கும் அவ்வளவு கொடுத்ததில்லை. விலை பேசியவர்கள் இரண்டு கிளப்புகளின் நிர்வாகிகள். ஆனால் ரசிகர் வழக்கில் விலை என்பது விற்கப்பட்டவரின் குற்றம். அதன்பின் அவர் தவறவிட்ட ஒவ்வொரு பந்தையும் ரசிகர்கள் 80 மில்லியனால் வகுத்துப் பார்த்தார்கள். 2020 ஜனவரியில் கேப்டன் பதவியும் வந்து சேர்ந்ததால், தம் தவறுகளோடு மற்றப் பத்துப் பேரின் தவறுகளும் அவர் பெயரில் வரவு வைக்கப்பட்டன.

இயல் 3: கருதுகோள்

ரசிகரின் வசை ஆட்டத்திலிருந்து பிறப்பதாகப் பொதுவாகக் கருதுகிறோம். இவ்வாய்வு அதை மறுக்கிறது. வசை முன்னரே அமர்ந்திருக்கிறது. ஆட்டம் பின்னால் வந்து அதற்குச் சாட்சி சொல்லிவிட்டுப் போகிறது. தீர்ப்பு முதலில், விசாரணை பிறகு. சாட்சி பிறழ்ந்தாலும் தீர்ப்பு பிறழாது; சாட்சிதான் தள்ளுபடியாகும்.

இயல் 4: மெய்ப்பாட்டுப் பகுப்பு

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்றும், ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களில் தோன்றும் என்றும் வகுத்தார். ஆக முப்பத்திரண்டு. ஓர் உதை தொடங்கி ஒரு ஷூட்-அவுட் முடிவதற்குள் இந்த எட்டையும் கடந்துவிடுபவர் கால்பந்து ரசிகர் ஒருவரே.

அச்சம்: நடுவட்டத்திலிருந்து இரண்டாவதாக நடந்து வருபவர் யார் என்று தெரிந்த கணத்தில் தோன்றுவது. தெய்வம், விலங்கு, கள்வர், அரசர் என அச்சத்துக்கு நான்கு களன்களைத் தொல்காப்பியர் காட்டினார். தம் அணியின் சென்டர்-பேக் காலில் பந்து இருப்பதை ஐந்தாவதாகச் சேர்க்க இவ்வாய்வு பரிந்துரைக்கிறது.

இளிவரல்: 80 மில்லியன் நினைவுக்கு வருகையில் தோன்றுவது. பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்கக் கூசி, கையிலிருக்கும் கோப்பையைப் பார்ப்பது இதன் புறக்குறி.

வெகுளி: இது உதைக்கப்போகிறவர்மீது தோன்றுவதன்று, அவரை அனுப்பிய பயிற்சியாளர் கேரத் சவுத்கேட்மீது. இன்னும் யாரும் எதையும் தவறவிடவில்லை என்பதைக் கருதுக.

இங்கே உதை நிகழ்கிறது. சற்று நின்று பார்க்க வேண்டிய இடம். பந்து இருக்கும் புள்ளிக்கும் கோல் கோட்டுக்கும் இடையே 11 மீட்டர். கம்பங்களுக்கிடையே அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். உள்ளே நிற்பவர் இத்தாலியின் கோல்கீப்பர் டொன்னாரும்மா. கையை விரித்தால் அந்த அகலமே பாதியானதுபோல் தோன்றும். மகுவாயர் நெளியவில்லை, தயங்கவில்லை, கண்ணால் ஏமாற்றவில்லை. ஓடிவந்து முழு பலத்தோடு உதைத்தார். பந்து மேல் மூலைக்குள் புகுந்தது. வலைக்குள் அந்த மூலையில் பொருத்தியிருந்த தொலைக்காட்சிக் கேமரா உடைந்தது. வேறு எந்தக் கோல்கீப்பரை நிறுத்தியிருந்தாலும் தடுத்திருக்க முடியாத உதை.

மருட்கை: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கு களன்களும் ஒருங்கே அமைந்த அரிய எடுத்துக்காட்டு. வாய் திறந்திருக்கும், சொல் வராது.

உவகை: விளையாட்டை உவகையின் களன்களுள் ஒன்றாகத் தொல்காப்பியரே வைத்திருக்கிறார். முன்பின் தெரியாதவரைக் கட்டிப்பிடிப்பது இதன் புறக்குறி.

பெருமிதம்: முந்தைய உதையில் இத்தாலியின் பெலோட்டியை இங்கிலாந்துக் கோல்கீப்பர் பிக்ஃபோர்டு தடுத்திருந்ததால், இங்கிலாந்து இப்போது 2–1 முன்னிலை. அதுவரை 'அவன்' என்று இருந்தவர் 'நம்மாள்' ஆகிறார். இந்நிலை நீடித்த காலம், அடுத்த உதைக்காரர் பந்தை எடுத்து வைக்கும் வரை.

நகை: கேமராவை உடைத்ததில் தோன்றுவது. ரசிகர் மீண்டும் தம் பழைய நிலைக்குத் திரும்பும் வாயில் இதுவே. சம்பந்தி வீட்டு விருந்தில் பாயசம் அருமையாக அமைந்துவிட்டால், இலை கிழிந்திருந்ததைச் சொல்லித் தன் மதிப்பைக் காத்துக்கொள்வதைப் போன்றது. அடித்துவிட்டானா? அடித்துவிட்டான். ஆனால் கேமரா என்ன விலை தெரியுமா?

அழுகை: இழவை இதன் களன்களுள் ஒன்றாகச் சொல்வர். ராஷ்ஃபோர்டின் பந்து கம்பத்தில் பட்டது. சான்சோ, சாக்கா இருவரையும் டொன்னாரும்மா தடுத்தார். இடையில் இத்தாலியின் ஜோர்ஜினோவை பிக்ஃபோர்டு தடுத்தும் பயனில்லை. 3–2 என்று இத்தாலி கோப்பையை எடுத்துச் சென்றது.

இந்த இடத்தில் பகுப்பை நிறுத்த வேண்டியிருக்கிறது. அன்றிரவு தவறவிட்ட மூவரும் கறுப்பினத்தவர். சாக்காவுக்கு வயது 19. அவர்கள்மீது இணையத்தில் கொட்டப்பட்டது எந்த மெய்ப்பாட்டிலும் அடங்காது. அதற்குப் பெயர் இனவெறி. மான்செஸ்டர் விதிங்டனில் சுவரில் வரைந்திருந்த ராஷ்ஃபோர்டின் ஓவியத்தை ராவோடு ராவாக யாரோ அலங்கோலம் செய்தார்கள். ஊர்மக்கள் வந்து அந்தச் சுவரை அன்புக் குறிப்புகளால் மூடினார்கள். வழக்கமாகத் திட்டு வாங்குபவர் அன்று பழுதின்றி அடித்துவிட்டார் என்பதற்காகத் திட்டு அடங்கிவிடவில்லை. வேறு முகவரி தேடிப் போயிற்று. போன இடத்தில் தன் உண்மை நிறத்தைக் காட்டியது.

தொல்காப்பியர் சொல்லாத ஒன்பதாவது மெய்ப்பாடும் உண்டு. அவர் கால்பந்து பார்த்திராததால் விடுபட்டிருக்கலாம். 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்பது அதன் வாய்பாடு. தோல்வியிலும் இன்பம் தருவது, வெற்றியில் தோன்றாதது, எந்நாளும் தீராதது.

இயல் 5: உதையின் ஆயுள்

யூரோ முடிந்ததும் தொடரின் சிறந்த பதினொருவர் அணியை ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஈஎஃப்ஏ அறிவித்தது. மகுவாயர் அதில் இருந்தார். காயத்தால் முதல் இரண்டு ஆட்டங்களைத் தவறவிட்டவர், காலிறுதியில் உக்ரைனுக்கு எதிராகத் தலையால் கோலும் அடித்திருந்தார். ஆக அந்த உதை குருட்டாம்போக்கில் விழுந்ததன்று.

2022 மார்ச் 29. அதே வெம்ப்ளி. ஐவரி கோஸ்ட்டுடன் நட்பு ஆட்டம். மகுவாயர் பெயரை அறிவித்ததும் இங்கிலாந்து ரசிகர்களே ஊளையிட்டார்கள். பந்தைத் தொட்டபோதும் ஊளை. கேமராவை உடைத்த அந்த உதைக்கு ரசிகர் நினைவில் ஒன்பது மாதம்கூட ஆயுள் இல்லை என்பது இதனால் பெறப்படுகிறது.

ஒப்புநோக்கச் சில எடுத்துக்காட்டுகள். 1990 உலகக்கோப்பை அரையிறுதியில் மேற்கு ஜெர்மனியிடம் பெனால்டியைத் தவறவிட்டவர் இடது தடுப்பாட்டக்காரர் ஸ்டூவர்ட் பியர்ஸ். 1996 யூரோவில் ஸ்பெயினுக்கு எதிரான ஷூட்-அவுட்டில் தாமே முன்வந்து அடித்து, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். அந்தக் கத்தலை இங்கிலாந்து இன்றும் போட்டுப் பார்க்கிறது. அடுத்த ஆட்டத்திலேயே ஜெர்மனியிடம் தவறவிட்டவர் சவுத்கேட். பிறகு ஒரு பீட்சா விளம்பரத்தில், முன்பு தவறவிட்ட பியர்ஸும் வாடிலும் கேலி செய்ய, காகிதப் பையைத் தலையில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். 1994 உலகக்கோப்பை இறுதியாட்டத்தில் இத்தாலியின் முதல் உதையை வானத்துக்கு அனுப்பியவர் ஃபிராங்கோ பரேசி. முழங்கால் அறுவைக்குப் பின் அதே தொடருக்குள் திரும்பி வந்து, 120 நிமிடம் பிரேசிலைக் கட்டிப்போட்டவர். கடைசி உதையைத் தவறவிட்ட ரொபெர்த்தோ பாஜ்ஜியோவையே உலகம் நினைவில் வைத்திருக்கிறது. பரேசியின் உதையைச் சொன்னால், 'அவருமா?' என்று வியப்பார்கள். ரசிகர் நேசித்த ஒருவர் தவறவிட்டால் அது அவர் கணக்கில் ஏறுவதில்லை. வெறுத்த ஒருவர் அடித்தாலும் ஏறுவதில்லை. கணக்குப்பிள்ளை ஒருவரே.

பெனால்டி உதைக்கவே முன்வராதவர் நிலை என்ன? நடுவட்டத்தில் தோளோடு தோள் சேர்த்து நிற்பவர்களில் யார் வேண்டாம் என்றார் என்பதை எந்த ரசிகரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. ஊளை கேட்க வேண்டாமென்றால் மைதானத்திலேயே பாதுகாப்பான இடம் அதுதான்.

இயல் 6: மறுப்பும் விடையும்

'மகுவாயர் உண்மையிலேயே மோசமாக ஆடினார், ஐயா. திட்டாமல் கொஞ்சவா முடியும்?' என்று ஒருவர் வினவலாம். நியாயமான வினா. 2021–22 பருவத்தில் மான்செஸ்டர் யுனைடெட் பிரீமியர் லீக்கில் 57 கோல் அடித்து 57 கோல் வாங்கியது. 58 புள்ளிகளோடு ஆறாம் இடம். அந்தத் தற்காப்பின் நடுவில் நின்றவர் அவர். திரும்ப நேரமெடுத்தார்; பின்னால் ஓடியவர்களைப் பிடிக்க முடியவில்லை. ஓல்ட் டிராஃபோர்டில் விழுந்த திட்டுக்கு ஆதாரம் உண்டு என்பதை இவ்வாய்வு ஏற்கிறது.

ஆனால் ஊளையிட்டவர்கள் இங்கிலாந்து ரசிகர்கள். இங்கிலாந்து சட்டையில் அவர் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கவில்லை. மான்செஸ்டர் பாக்கியை வெம்ப்ளியில் வசூலித்திருக்கிறார்கள். கிளப்பில் பிறந்த வசை எல்லை தாண்டி நாட்டு அணிக்கும் போனது. பிறகு எதிரணி ரசிகருக்கும் போனது. 2023 செப்டம்பரில் கிளாஸ்கோவில் ஸ்காட்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் அவர் பந்தைத் தொடும்போதெல்லாம் ஸ்காட்லாந்துக்காரர்கள் கேலியாக ஆரவாரித்தார்கள். அன்று அவரிடமிருந்து ஒரு சேம்சைடு கோலும் விழுந்தது. ஒரு வீரரை இப்படி நடத்தி நான் பார்த்ததில்லை என்ற பொருள்பட சவுத்கேட் பேசினார். காகிதப் பை மாட்டியவர் பேசியதால் அந்தச் சாட்சியத்துக்குக் கனம் அதிகம்.

2025 ஆகஸ்ட்டில் நான்காம் நிலை அணியான கிரிம்ஸ்பி டவுனிடம் லீக் கோப்பையில் யுனைடெட் தோற்கவிருந்த வேளையில், 89-ஆவது நிமிடத்தில் 2–2 ஆக்கியவர் மகுவாயர். பிறகு ஷூட்-அவுட்டில் 12–11 என்று யுனைடெட் தோற்றது. நம் கருதுகோளை இதற்குப் பொருத்தினால் ரசிகரின் வாதம் தானாகவே கிடைத்துவிடும்: அன்று அவர் பேசாமல் இருந்திருந்தால் ஷூட்-அவுட் அவமானமாவது மிச்சமாகியிருக்கும்.

இயல் 7: முடிவுரையும் பரிந்துரையும்

பெறப்பட்ட முடிவுகள் மூன்று. தடுப்பாட்டக்காரர் பெனால்டியை அடித்தால், அதற்குத்தான் சம்பளம். தவறவிட்டால், அப்பவே சொன்னோம். உதைக்கவே வராவிட்டால், அவர் அங்கிருந்ததே நினைவில்லை. நினைவிருந்தால், 80 மில்லியன் வாங்கிக்கொண்டு ஒளிகிறார். நான்காவது வழி இல்லாததால் ரசிகர் கொள்கை எக்காலத்தும் பொய்க்காது.

விதிவிலக்காக ஒரே ஒரு தரவு கிட்டியது. அது இங்கிலாந்திலிருந்து வந்ததன்று. 2022-இல் கானா நாடாளுமன்றத்தில் பட்ஜெட் விவாதத்தின்போது ஐசக் அடோங்கோ என்ற உறுப்பினர் எழுந்து, துணை அதிபர் பவுமியாவின் பொருளாதார நிர்வாகத்தை மகுவாயரின் தற்காப்போடு ஒப்பிட்டார்: எல்லாரையும் முட்டி மோதிவிட்டுக் கடைசியில் தம் வலைக்குள்ளேயே பந்தைத் தள்ளுபவர் என்று. அவை சிரித்தது, உலகமே சிரித்தது. ஓராண்டு கழித்து, யுனைடெட் கேப்டன் பதவி பறிபோனபின் மீண்டும் அணிக்குள் வந்த மகுவாயர் 2023 நவம்பர் மாதத்தின் சிறந்த பிரீமியர் லீக் வீரர் ஆனார். அதே மாதத்தில் அடோங்கோ அதே அவையில் எழுந்து, மகுவாயர் மாறிவிட்டார், அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், ஆனால் நம் துணை அதிபர் மட்டும் மாறவில்லை என்றார். மகுவாயரும் மன்னிப்பை ஏற்றுக்கொண்டதாகச் சமூக ஊடகத்தில் எழுதி, ஓல்ட் டிராஃபோர்டுக்கு வருமாறு அழைத்தார்.

எதிர்க்கட்சிக்காரர் ஆளுங்கட்சியை இன்னொருமுறை இடித்துரைக்கவே அந்த மன்னிப்பைப் பயன்படுத்தினார் என்று ஐயுறுவோர் உளர். இருக்கட்டும். தாம் முன்பு திட்டியதையும், பிறகு கண்டதையும், கருத்தை மாற்றிக்கொண்டதையும் அவைக்குறிப்பில் பதிவு செய்த வேறொருவரை இவ்வாய்வு காணவில்லை. எனவே இவ்வாய்வேட்டுக்குப் புறத்தேர்வாளராக மாண்புமிகு அடோங்கோ அவர்களையே பரிந்துரைக்கிறோம். வாய்மொழித் தேர்வை அக்ராவில் வைத்துக்கொள்ளலாம். வெம்ப்ளியில் வைத்தால் ஆய்வாளர் எழுந்து நின்றதுமே ஊளை தொடங்கிவிடும்.