முன் அச்சுக்கு ஒரு வக்காலத்து

சாணக்யபுரி தேசிய ரயில் அருங்காட்சியகத்திலுள்ள 1914ஆம் ஆண்டு ஜான் மாரிஸ் தீயணைப்பு வண்டி, நிஜாமின் ரயில்வேக்காக வந்தது. கெட்டி ரப்பர் டயரோடுதான் பழங்கார் பேரணிகளில் ஓடிப் பரிசும் வாங்கியிருக்கிறது. நம் பழைய லாரிப் பிரியர்களோ முதல் காரியமாக முன் அச்சைக் கழற்றி வீசி, டிஸ்க் பிரேக்கும் அலாய் வீலும் மாட்டிவிட்டு, 'அசல் பாரம்பரியம்' என்று மீசை முறுக்குகிறார்கள். கிங்பின் தேய்ந்த அந்தத் தள்ளாட்டம்தானே கிழவரின் நடை! பாதுகாப்பு வேண்டாமா என்பார்கள். வேண்டும்தான், மெல்லப் போவதும் பாதுகாப்பே, செலவும் கிடையாது. அரசு இன்னும் சாமர்த்தியம். 2021 விதிப்படி, 50 ஆண்டு கடந்து, சேசிஸ், பாடி, எஞ்சின் மாறாத சொந்த உபயோக இருசக்கர வண்டியும் காரும் மட்டுமே 'விண்டேஜ்'. அதில் முன் அச்சைப் பற்றிப் பேச்சே இல்லை. துள்ள வேண்டாம், லாரியைப் பற்றியும் இல்லை.